ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள்: 'இன்', 'ஆன்', 'அட்' எங்கே இடறுகின்றன, ஏன்?

ஆங்கிலத்தில் ஓரளவு நன்றாகவே எழுதுகிறவர்கள்கூடக் கடைசிவரை தயங்கும் இடம் ஒன்று உண்டு. 'இன்', 'ஆன்', 'அட்', 'டு', 'ஃபார்', 'வித்' மாதிரியான சின்னஞ்சிறு சொற்கள்தான் அவை. பாடநூல்கள் இவற்றை முன்னிடைச்சொற்கள் என்று சொல்லும். வினையின் காலங்கள் கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். படிக்கப் படிக்கச் சொல்வளமும் கூடிவிடும். இந்தச் சொற்கள் மட்டும் லேசில் பிடிகொடுக்காது. இதற்குக் கற்பவரின் கவனக்குறைவைக் குறை சொல்வது நியாயமில்லை. இரண்டு வெவ்வேறு வேலை செய்யும் சொற்களை ஒரே பட்டியலில் போட்டு, ஒரே மாதிரி மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன்.

ஒரு வகை, பொருள் உள்ளது. பெட்டிக்கு உள்ளே இருக்கிறதா, பெட்டியின் மேல் இருக்கிறதா என்பதைப் பொறுத்து 'இன்', 'ஆன்' என்று மாறும். எதைச் சொல்ல வருகிறோமோ அதற்கேற்ப நாமே தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு வகையில் அந்தத் தேர்வு நம் கையில் இல்லை. 'டிபெண்ட்' என்ற வினை வந்தால் அதற்குப் பின்னால் 'ஆன்' வந்தாக வேண்டும். 'கன்சிஸ்ட்' வந்தால் 'ஆவ்' (of). அந்த வினைதான் கேட்டு வாங்கிக்கொள்கிறது. முதல் வகையை மனதில் படமாகப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவதை முன்னால் வரும் சொல்லோடு ஒட்டியே கற்க வேண்டும். எது எந்த வகை என்று தெரியாமல் போகும்போதுதான், காரணம் இருக்கும் இடத்தில் மனப்பாடமும், மனப்பாடம் வேண்டிய இடத்தில் காரணமும் தேடிக் களைத்துப்போகிறோம்.

ஒருகாலத்தில் ஆங்கிலத்துக்கும் நம்மைப் போல வேற்றுமை உருபுகள் இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் கடைசி அசையே மாறி, அது எழுவாயா, செயப்படுபொருளா, உடைமையா என்று காட்டியது. அழுத்தமில்லாமல் ஒலித்த அந்தக் கடைசி அசைகள் சில நூற்றாண்டுகளில் தேய்ந்து போயின. உடைமையைக் காட்டும் 'ஸ்' என்ற ஒட்டும், 'ஹிம்', 'தெம்' போன்ற சில சுட்டுப்பெயர் வடிவங்களும் மட்டுமே மிஞ்சின. இழந்த உருபுகளின் வேலையில் பெரும்பகுதியைச் சொல்லுக்கு முன்னால் நிற்கும் இந்தச் சிறு சொற்கள் ஏற்றுக்கொண்டன. இருந்ததோ கொஞ்சம் சொற்கள், வந்து சேர்ந்த வேலையோ நிறைய. அதனால் ஒவ்வொன்றும் பல பொருள்களைச் சுமக்கத் தொடங்கியது. 'வித்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'எதிராக' என்று பொருள். 'எதிர்த்து நிற்பது' என்ற பொருளில் வரும் 'வித்ஸ்டாண்ட்' அதன் மிச்சம். இன்று அதே 'வித்' நண்பனோடு வருவதையும் கத்தியால் வெட்டுவதையும் சேர்த்துச் சொல்கிறது. 'ஆவ்' (of), 'ஆஃப்' (off) இரண்டுமே ஒரே சொல்லாக இருந்து பின்னால் பிரிந்தவை.

தமிழில் உருபு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதுவும் பல வேலை பார்க்கும். 'இல்' உருபை எடுத்துக்கொள்ளுங்கள். அறையில், சுவரில், வாசலில், பேருந்தில், காலையில், ஜூனில், கோபத்தில், ஒரு மணி நேரத்தில் என எல்லாவற்றுக்கும் அந்த ஓர் எழுத்துக்கூட்டு போதும். ஆங்கிலம் இந்த ஒரே வேலையை 'இன்', 'ஆன்', 'அட்', 'பை' என்று பங்கு போட்டுக் கொடுக்கிறது. 'கு' உருபும் அப்படித்தான். வீட்டுக்கு, எனக்கு, பத்து மணிக்கு, மூன்று நாளைக்கு, தலைவலிக்கு என்பவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப்பாருங்கள், 'டு', 'ஃபார்', 'அட்' என்று இடத்துக்கு இடம் மாறும். 'இல் என்றால் இன்', 'கு என்றால் டு' என்று பள்ளியில் போட்டுக்கொண்ட கணக்கு முதல் வாரத்துக்கு உதவும். அப்புறம் அதுவே தடையாகிவிடும்.

'அட்', 'ஆன்', 'இன்' மூன்றையும் பிரிக்கும் படம் எளிமையானது. 'அட்' ஒரு இடத்தைப் புள்ளியாகப் பார்க்கிறது. 'ஆன்' அதையே ஒரு பரப்பாகவோ கோடாகவோ பார்க்கிறது. 'இன்' எல்லை சூழ்ந்த உள்ளிடமாகப் பார்க்கிறது. 'ஆன்' என்றால் 'மேல்' என்று கற்பிப்பது பாதிதான் சரி. கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சியும் ஆங்கிலத்தில் 'ஆன் தி சீலிங்'தான். மேலே இருப்பதைவிடப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் இங்கே முக்கியம். ஒரே சுவரில் மாட்டிய படம் 'ஆன் தி வால்'. அதே சுவரில் விழுந்த விரிசல் 'இன் தி வால்'. படம் சுவரின் பரப்பைத் தொடுகிறது, விரிசல் சுவரின் உடலுக்குள் போகிறது. தமிழில் இரண்டுக்கும் 'சுவரில்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம், கேட்பவர் புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் பேசுபவர் இந்த வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

மூலையைக் குறிக்கும் 'கார்னர்' இன்னும் நல்ல உதாரணம். அறையின் மூலையில் நாற்காலி கிடந்தால் 'இன் தி கார்னர்'. இரண்டு சுவர்கள் அதை அணைத்துக்கொண்டிருக்கின்றன. தெருமுனையில் ஒருவர் நின்றால் 'அட் தி கார்னர்'. அங்கே முனை ஒரு புள்ளி. மேசையின் ஓர முனையில் கோப்பையை வைத்தால் 'ஆன் தி கார்னர் ஆவ் தி டேபிள்'. அது பரப்பின் ஒரு பகுதி. மூன்றும் சரி, மூன்றும் வேறு. இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் புதிதாக ஒரு இடத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்போதும் பெரும்பாலும் சரியான சொல்லே வாயில் வரும்.

வண்டிகளில் குழப்பம் வருவது இயல்புதான். காரிலும் டாக்ஸியிலும் 'இன்'; பேருந்து, ரயில், விமானம், கப்பல் எல்லாவற்றிலும் 'ஆன்'. உள்ளே ஏறி எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் 'ஆன்', குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே முடிகிற வண்டி என்றால் 'இன்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. சைக்கிளிலும் குதிரையிலும் மேலேதான் உட்கார்கிறோம், அதனால் அங்கேயும் 'ஆன்'. எதில் போனோம் என்று பயண முறையை மட்டும் சொன்னால் 'பை பஸ்', 'பை கார்'. ஆனால் 'என்னுடைய காரில்' என்று குறிப்பிட்டுச் சொல்லும்போது 'பை மை கார்' வராது, 'இன் மை கார்' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு சொல் மாறினால் செய்தியே மாறிவிடும் இடங்களும் உண்டு. ஒருவர் 'அட் தி ஹாஸ்பிடல்' என்றால் அவர் அங்கே இருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும்; வேலைக்குப் போயிருக்கலாம், யாரையாவது பார்க்கப் போயிருக்கலாம். 'இன் ஹாஸ்பிடல்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் அவர் நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று பொருள். அமெரிக்கர்கள் அதே பொருளில் நடுவில் 'தி' சேர்த்துச் சொல்வார்கள்.

காலத்தைச் சொல்லும்போதும் இடத்துக்குப் பயன்படுத்திய அதே படம்தான். மணி ஒரு புள்ளி, அதனால் 'அட்'. நாள், தேதி என்றால் 'ஆன்'. மாதம், ஆண்டு, நூற்றாண்டு என்று நீளும் காலம் 'இன்'. காலை, மாலை என்னும் பொழுதுகளுக்கும் 'இன் தி மார்னிங்' என்று 'இன்' வரும். ஆனால் நாளின் பெயர் கூடவே வந்துவிட்டால் 'ஆன் மண்டே மார்னிங்' என்று நாள் முந்திக்கொள்ளும். இரவுக்கு மட்டும் 'அட் நைட்' என்ற பழைய வழக்கு நிலைத்துவிட்டது. 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' முன்னால் வந்தால் எதுவுமே சேர்க்கக் கூடாது. 'ஆன் லாஸ்ட் மண்டே' தவறு. 'இன்று காலை' என்பதை அப்படியே 'டுடே மார்னிங்' ஆக்குவதும் பரவலான பழக்கம். ஆங்கிலத்தில் அது 'திஸ் மார்னிங்'. 'நேற்று இரவு' என்பது 'லாஸ்ட் நைட்'.

தமிழ் எப்போதும் தடையாகவே நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில இடங்களில் தமிழின் உருபுகள் ஆங்கிலத்தைவிடத் தெளிவானவை. அங்கே தமிழையே துணைக்கு வைத்துக்கொள்ளலாம். 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்', 'வெள்ளிக்கிழமை வரை இருப்பேன்' என்ற இரண்டையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. 'குள்' இருக்கும் இடத்தில் 'பை', 'வரை' இருக்கும் இடத்தில் 'அன்டில்'. இவ்வளவுதான் விஷயம். 'குள்' என்பதைப் பார்த்து 'விதின் ஃப்ரைடே' என்று எழுதும்போதுதான் வழி தவறுகிறது. 'விதின்' ஒரு கால அளவைக் கேட்கும்: 'விதின் டூ டேஸ்' சரி, நாளின் பெயர் அதோடு சேராது. 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டுக்கும் இதே மாதிரி தமிழ்க் கேள்வி ஒன்று கேட்டுப் பார்க்கலாம். 'எப்போதிலிருந்து' என்ற கேள்விக்குப் பதிலானால் 'சின்ஸ்', 'எவ்வளவு காலமாக' என்றால் 'ஃபார்'. 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். 'மூன்று நாளாக' என்பது கால அளவு, ஆகவே 'ஃபார் த்ரீ டேஸ்'.

'ஆல்' உருபில் கொஞ்சம் கவனம் வேண்டும். 'அவரால் எழுதப்பட்டது', 'பேனாவால் எழுதப்பட்டது' என்ற இரண்டிலும் தமிழில் 'ஆல்'தான். ஆங்கிலம் செய்தவருக்கு 'பை' என்றும் கருவிக்கு 'வித்' என்றும் பிரிக்கும். 'கட் பை எ நைஃப்' என்று எழுதினால் கத்தியே தானாக வந்து வெட்டியது போல ஒலிக்கும். கருவியை எடுத்துச் செய்ததாகச் சொல்ல 'வித் எ நைஃப்' வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படும் பிழை ஒன்று இருக்கிறது. இலக்கண நூல்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 'நான் இருக்கும் வீடு', 'எழுதும் பேனா', 'உட்காரும் நாற்காலி' என்று தமிழில் சொல்கிறோம். வீட்டில் இருக்கிறேன், பேனாவால் எழுதுகிறேன், நாற்காலியில் உட்கார்கிறேன் என்ற வாக்கியங்களில் இருந்த 'இல்', 'ஆல்' எல்லாம் பெயரெச்சமாக மாறியதும் காணாமல் போய்விட்டன. இது தமிழின் அழகான சிக்கனம். பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்ற ஆறையும் கொண்டு முடியும் என்று நம் மரபிலக்கணமே சொல்கிறது. உருபு இல்லாமலே உறவு விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி விட்டுவிட முடியாது. 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்று கடைசியில் 'இன்' நிற்க வேண்டும். 'எ பென் டு ரைட் வித்', 'எ சேர் டு சிட் ஆன்', 'நத்திங் டு வொர்ரி அபவுட்'. தமிழில் நினைத்து எழுதுபவருக்கு இந்தக் கடைசிச் சொல் நினைவுக்கே வராது, ஏனென்றால் அவர் மனதில் இருக்கும் வாக்கியத்தில் அதற்கு இடமே இல்லை. எழுதி முடித்ததும் அந்தத் தொடரை முழு வாக்கியமாக விரித்துப் பார்ப்பதுதான் இதற்கு வழி: ஐ லிவ் இன் தி ஹவுஸ். அங்கே ஒரு 'இன்' இருந்தால், சுருக்கிய தொடரிலும் அது இருந்தாக வேண்டும்.

முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்ற பழைய அறிவுரையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே தயங்குவார்கள். தயங்கத் தேவையில்லை. 1672இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இப்படி முடியும் வாக்கியங்களைக் குறையாகச் சுட்டினார். பிற்காலத்தில் பள்ளிகள் அதை விதியாகவே ஆக்கிவிட்டன. ஆங்கிலம் பேசுபவர்கள் அதற்கு முன்பும் இப்படித்தான் பேசினார்கள், பின்பும் இப்படித்தான் பேசுகிறார்கள். 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்பது நல்ல ஆங்கிலம்.

இனி இரண்டாவது வகை. முன்னால் நிற்கும் சொல் கேட்டு வாங்கும் சொற்கள் இவை. இங்கே பொருளைத் தோண்டிப் பார்ப்பதில் பெரிதாகப் பயன் கிடைக்காது. கோபம் தமிழில் ஒருவர் 'மேல்' வரும், ஆங்கிலத்தில் 'ஆங்க்ரி வித்' என்று அவர் 'உடன்' வரும். அதனால்தான் 'ஆங்க்ரி ஆன் மீ' என்ற பிழை. திருமணம் தமிழில் ஒருவருடன் நடக்கும், ஆங்கிலத்தில் 'மேரீட் டு'. ஸ்பானிஷ் மொழி இந்த விஷயத்தில் நம்மைப் போலவே 'உடன்' என்கிறது. காத்திருப்பதற்கு ஆங்கிலத்தில் 'வெய்ட் ஃபார்'. ஜெர்மன் மொழியில் அந்த இடத்தில் வருவது 'மேல்' என்று பொருள்படும் சொல். இதில் எந்த மொழியின் பக்கம் தர்க்கம் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. ஒவ்வொரு மொழியும் தனக்கென்று ஒரு வழக்கை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே 'குட்' என்ற சொல்லைத் தனியாகவும் 'அட்' என்ற சொல்லைத் தனியாகவும் கற்பதில் பயனில்லை. 'குட் அட்' என்று ஒரே சொல்லாகவே கற்க வேண்டும். 'அஃப்ரெய்ட் ஆவ்', 'இன்ட்ரஸ்டட் இன்', 'ரெஸ்பான்சிபிள் ஃபார்', 'கான்ஃபிடன்ஸ் இன்' எல்லாம் அப்படித்தான்.

இந்த வகையிலும் சில ஒழுங்குகள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பிழைகளில் பெரும்பகுதி குறையும். 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிக்வெஸ்ட் ஃபார்', 'எம்ஃபசைஸ் ஆன்', 'மென்ஷன் அபவுட்' என்று எழுதுவதை நிறையப் பார்க்கிறோம். இந்த வினைகளுக்கு முன்னிடைச்சொல் தேவையில்லை. 'டிஸ்கஸ் தி ப்ராப்ளம்' என்று நேராகப் பொருளோடு சேர்ந்துகொள்ளும். 'அதைப் பற்றி' என்ற தமிழ் வழக்கு இந்தப் பிழைக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. இதே சொற்கள் பெயர்ச்சொல்லாக வரும்போது முன்னிடைச்சொல் கட்டாயம்: 'எ டிஸ்கஷன் அபவுட் தி ப்ராப்ளம்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார் ஹெல்ப்', 'அன் எம்ஃபசிஸ் ஆன் கிராமர்'. ஆங்கிலத்தில் வினை தன் செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும். பெயர்ச்சொல்லால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, நடுவில் ஒரு சொல் வேண்டும். 'அட்டாக்', 'லேக்', 'இன்ஃப்ளுயன்ஸ்', 'ஆன்சர்' எல்லாம் இதே வழியில்தான் போகும். 'ஹி லேக்ஸ் கரேஜ்' என்பதில் ஒன்றும் இல்லை, 'எ லேக் ஆவ் கரேஜ்' என்பதில் 'ஆவ்'. 'என்டர்' என்ற வினையிலும் அறைக்குள் நுழைந்தால் 'என்டர் தி ரூம்'. ஒப்பந்தத்தில் இறங்கினால் மட்டும் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்று 'இன்டு' சேரும்.

இதற்கு எதிர்த் திசையிலும் பிழை உண்டு. 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்பதில் 'டு' விட்டுப்போயிருக்கிறது; விளக்கப்படுவது விஷயம்தான், அதைக் கேட்பவருக்கு 'டு மீ'. எதைக் கேட்கிறோம் என்று சொல்லும்போது 'லிசன்' 'டு'வோடுதான் வரும். மாறாக 'கோ டு ஹோம்' தவறு. 'வீட்டுக்கு' என்பதில் இருக்கும் 'கு' இங்கே ஏமாற்றுகிறது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே 'வீட்டை நோக்கி' என்ற திசைப்பொருளைத் தந்தது. அந்த வழக்கு இன்றும் மாறாமல் 'கோ ஹோம்' என்று நிற்கிறது.

'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' இவற்றுக்குப் பின் 'தேன்' (than) வராமல் 'டு' வருவதற்கும் காரணம் உண்டு. இவை லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள், ஆங்கிலத்தின் சொந்த ஒப்பீட்டு முறைக்குள் அடங்காதவை. 'ப்ரிஃபர்' என்பதும் லத்தீனிலிருந்து வந்ததே. 'ப்ரிஃபர் டீ டு காஃபி' என்றுதான் எழுத வேண்டும். லத்தீன் வேர்கள் இன்னொரு விதத்திலும் உதவும். 'கம்' (com), 'கன்' (con), 'கோ' (co) என்று தொடங்கும் சொற்களில் 'கூட' என்ற பொருள் ஒளிந்திருக்கும். 'கம்பைன்', 'கம்பீட்', 'கோஇன்சைட்' எல்லாம் 'வித்' கேட்கும். 'எக்ஸ்' என்று தொடங்குவதில் 'வெளியே' என்ற பொருள். 'எக்ஸ்க்ளூட்', 'எக்ஸ்பெல்', 'எக்ஸம்ப்ட்' எல்லாம் 'ஃப்ரம்' கேட்கும். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. 'கன்சிஸ்ட்' உடனே விதியை உடைத்து 'ஆவ்' கேட்கும். ஆனாலும் தெரியாத சொல் வரும்போது ஊகிக்க நல்ல துணை.

'டு' பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மின்னஞ்சல்களின் கடைசி வரியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டு 'டு' இருக்கின்றன. ஒன்று 'வாண்ட் டு கோ' என்பதில் வினையோடு ஒட்டியது. மற்றது முன்னிடைச்சொல், அதற்குப் பின்னால் பெயரோ, பெயர்போல் நடக்கும் 'இங்' வடிவமோதான் வரும். எது எது என்று பார்க்க, அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' சரியாக நிற்கிறது. அப்படியானால் இது முன்னிடைச்சொல், ஆகவே 'ஹியரிங்' என்று வர வேண்டும். 'யூஸ்ட் டு' என்பதிலும் இதே கதை: 'ஐ யூஸ்ட் டு லிவ் அலோன்' என்றால் முன்பு தனியாக இருந்தேன், 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் அலோன்' என்றால் தனியாக இருக்கப் பழகிவிட்டேன்.

நிறையக் கேட்டாலே வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மற்ற விஷயங்களில் அது உண்மை, இங்கே முழுக்க உண்மையில்லை. ஆங்கிலப் பேச்சில் இந்தச் சொற்கள்மேல் அழுத்தமே விழுவதில்லை. 'ஃபார்' தேய்ந்து 'ஃபர்' ஆகிறது, 'ஆவ்' வெறும் 'அவ்' ஆகி, சில வேளைகளில் 'அ' மட்டுமே மிஞ்சுகிறது. முக்கியச் சொற்களைப் பிடித்தே பொருளைப் புரிந்துகொள்ளும் காது இவற்றைக் கடந்து போய்விடுகிறது. வாசிப்பில்தான் இவை கண்ணில் படும். அதுவும் ஒரு பத்தியை எடுத்து, முன்னிடைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் எதனால் வந்தது, படத்தாலா, முன்னால் நின்ற சொல்லாலா என்று கேட்டுக்கொண்டு படித்தால்.

அகராதியும் இங்கே பெரிய துணை. பொருள் பார்த்ததும் மூடிவிடாமல், கற்போருக்கான அகராதியில் எடுத்துக்காட்டு வரிகளையும் பார்க்க வேண்டும். 'கம்ப்ளெயின்' என்ற சொல்லை எடுத்தால் யாரிடம் என்பதற்கு 'டு', எதைப் பற்றி என்பதற்கு 'அபவுட்', உடல் வலியைச் சொல்லும்போது 'ஆவ்' என்று மூன்றும் அங்கே இருக்கும். பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகள் மாறும் இடங்களையும் அதே அகராதி குறித்திருக்கும். வார இறுதிக்கு ஒருவர் 'அட் தி வீக்கெண்ட்' என்பார், மற்றவர் 'ஆன் தி வீக்கெண்ட்' என்பார். படிவத்தை ஒருவர் 'ஃபில் இன்' செய்வார், மற்றவர் 'ஃபில் அவுட்' செய்வார். 'டிஃபரன்ட்' என்பதற்குப் பின் 'ஃப்ரம்' எங்கும் செல்லும். 'டு' பிரிட்டனிலும் 'தேன்' அமெரிக்காவிலும் அதிகம் கேட்கும். இவற்றில் எதுவும் பிழை இல்லை. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதினால் சரி.